கோடு நின்ற இடம்

அந்த வாசல் கதவின் பித்தளைக் கீல்களில் இருக்கும் திருகாணிகளைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒற்றைப் பள்ளம். எல்லாப் பள்ளங்களும் மேலிருந்து கீழாக, செங்குத்தாக நிற்கின்றன. சாய்ந்தது, படுத்தது என்று ஒன்றுகூட இல்லை. திருகிக்கொண்டே போய், இறுகும் கடைசிக் கால் சுற்றில் கையை நிதானித்து, பள்ளம் நேராக வந்த கணத்தில் விட்டுவிட்டால்தான் இப்படி அமையும். இதனால் கதவுக்குக் கூடுதல் உறுதி எதுவும் வந்துவிடாது. பள்ளத்தில் தூசி தங்காமல் இறங்கிவிடும் என்று ஆசாரிகள் ஒரு காரணம் சொல்வார்கள். காரணம் பின்னால் வந்திருக்கும் என்பது என் எண்ணம். நிறுத்தத் தெரிந்த கை முதலில் வந்திருக்கும்.

கதவு இருப்பது திருச்சி புத்தூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில். என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு, 1940களில் கட்டியது. மாடியில் இவர்கள், கீழே வாடகைக்கு ஆள் என்று வெகுகாலம் ஓடியது. தங்கையின் மாமியாருக்கு முழங்கால் படியேற மறுத்ததும், வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டுக் கீழ்க்கூடத்தையும் அதை ஒட்டிய அறையையும் அவருக்காகச் சரிசெய்ய முடிவெடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ், தரையில் விட்ரிஃபைடு, கூரையை மறைத்து ஜிப்சம் பலகை என்று அளந்து ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகை இவர்களிடம் இல்லை. இருந்திருந்தால் நான் எழுத இங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தங்கை வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறாள். கோடை விடுமுறையும் சனி ஞாயிறுகளுமாக இருவரும் சேர்ந்து தாங்களே செய்து முடித்தார்கள். பாராட்ட வருகிறவர்கள் பொதுவாக என்னென்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் கண் போவது வேறு இடத்துக்கு: ஒவ்வொரு வேலையும் எங்கே போய் நின்றிருக்கிறது என்று. சுரண்டல் எங்கே நின்றது, பூச்சு எங்கே நின்றது, வண்ணம் எங்கே நின்றது. கையில் காசு இறுக்கமாக இருந்ததால் ஒவ்வோர் இடத்திலும் இது போதுமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியின் தடம் வீடு முழுக்க இருக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் பெரிய வேலை நடந்திருக்கிறது.

தரைத்தளத்துக்கு ஓதம் கூடப்பிறந்தது. வாய்க்கால் பக்கத்துத் தெருவில் கேட்கவே வேண்டாம். செங்கலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அடிமண்ணின் ஈரம் அவற்றின் வழியாக மேலே ஏறும். ஆனால் ஏறிக்கொண்டே போகாது. கீழிருந்து ஏறும் வேகமும், சுவரின் முகத்தில் காற்றுப்பட்டு உலரும் வேகமும் எங்கே ஈடாகின்றனவோ அங்கே நின்றுவிடும். பெரும்பாலும் தரையிலிருந்து மூன்றடியைச் சுற்றி. நீர் காற்றோடு போய்விடும். அது சுமந்து வந்த உப்பு போகாது. பூச்சுக்குள்ளேயே படிகமாக வளர்ந்து, மேற்பரப்பை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். சுவர் பொரிகிறது, உப்புப் பூக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் உலர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நாலடிக்கு ஒட்டினால் ஐந்தாவது அடியில் பொரியும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் சிமென்ட் பூசினாலும் கதை கிட்டத்தட்ட அதேதான். முன்பு குடியிருந்தவர்கள் இவை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து வைத்திருந்தார்கள்.

இவர்கள் செய்தது, அந்தச் சிமென்ட்டை உளியால் கொத்தி எடுத்துச் செங்கல் முகத்தைத் திறந்தது. செங்கலில் பூத்திருந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளினார்கள். திருச்சி வெயிலுக்கு ஒரு பயன் உண்டென்றால் அது இந்தச் சுவரைக் காய வைத்ததுதான். கோடையில் ஜன்னல்களைத் திறந்துபோட்டுச் சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு சுண்ணாம்புச் சாந்து: ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து, ஒரு மூலையை மட்டும் பூசச் சொல்லி, பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். கரணையால் சாந்தை எறிவது, மணியாசுக்கட்டையால் தேய்ப்பது, எப்போது தேய்க்காமல் விடுவது. அந்த மூலையைக் கவனித்தால் கொத்தனார் கை எங்கே முடிந்து வாத்தியார் கை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கொத்தனாரின் பரப்பு நிதானமாக ஓடுகிறது. வாத்தியாருடையதில் மெல்லிய அலை இருக்கிறது. ஜன்னல் பக்கம் போகப் போக அலை குறைந்துகொண்டே வருகிறது. அவர் கற்றுக்கொண்ட திசையைச் சுவரிலேயே படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில் ஓர் ஒட்டு வரும். வழக்கமாக அதைப் பட்டி பார்த்து மறைப்பார்கள். நாளாக ஆக அதே இடத்தில் விரிசல் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஓதம் ஏறியிருந்த எல்லை ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் கோணல்மாணலாகத்தான் இருந்தது. அந்தக் கோணலை ஒட்டியே சுரண்டி நிறுத்தியிருந்தால் வேலை குறைந்திருக்கும். அதற்குச் சற்று மேலே, ஜன்னலின் அடிக்கட்டை மட்டத்தில் அறை முழுவதும் சுற்றி நூல் பிடித்து, நல்ல பூச்சாக இருந்த இடங்களிலும் அந்த மட்டம் வரை எடுத்துவிட்டு, ஒட்டை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு. மேலே வெறும் வெள்ளை. மறைக்க வேண்டிய ஒட்டு, அறையைச் சுற்றி ஓடும் ஒரு வரம்பாகிவிட்டது. ஜன்னல் கட்டையில் தொடங்கும் பார்வை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்து மறுபடி ஜன்னலில் இறங்குகிறது.

கோடு போட்டது தங்கை. மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது சுண்ணாம்பும் கூடவே வரும் என்று வெறும் கையால், நூலடித்த தடத்தைப் பார்த்து இழுத்திருக்கிறாள். இவ்வளவு நீளம் எப்படிப் பிசிறில்லாமல் வந்தது என்று கேட்டேன்.

"புடவைக்கு ஓரம் அடிக்கிற மாதிரிதாண்ணே. ஊசியப் பாத்தா கோணிடும். துணி போற எடத்தப் பாக்கணும்" என்றாள்.

பிசிறே இல்லை என்பது முழு உண்மையல்ல. தலைமுடி அளவுக்கு அங்கங்கே கோடு தடுமாறுகிறது, பிரஷ்ஷை மறுபடி தோய்த்து எடுத்த இடங்களில். அந்தத் தடுமாற்றங்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வருவதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஒரு தோய்ப்புக்கு எவ்வளவு தூரம் என்று சுவரே கணக்கு வைத்திருக்கிறது.

வண்ணத்துக்கு மஞ்சள் காவியைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பல செயற்கை வண்ணங்கள் நிறம் செத்துப்போகும். இரும்புச் சத்துள்ள மண் வண்ணங்கள் அதைத் தாங்கும். விலையும் கம்மி.

வெள்ளைப் பகுதிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றும்போது அது கொதிப்பதைப் பார்த்தவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். நீறியதைப் பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை முன்கூட்டியே நனைத்துவிட்டு அடித்தார்கள். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. தண்ணீர் தடவியதாகத்தான் இருக்கும். உலர உலர வெண்மை உள்ளிருந்து வெளியே வரும். காளவாயில் சுடும்போது இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. எமல்ஷன் வெள்ளை ஒளியைத் திருப்பி எறியும். சுண்ணாம்பு வெள்ளை ஒளியைச் சற்று வாங்கி வைத்துக்கொண்டு விடுகிறது. பள்ளிக்கூடச் சுவரும் கோயில் மதிலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். மூன்று பூச்சோடு நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று அடித்திருந்தால் இன்னும் வெளுத்திருக்கும். ஆனால் பழைய பூச்சில் கரணை ஓடிய தடங்கள் அடைபட்டுப் போயிருக்கும். கையில் வெள்ளை ஒட்டாமலிருக்க மேல்பகுதியின் கடைசிப் பூச்சில் மட்டும் வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்தார்கள். கீழே கலக்கவில்லை. ஈரம் மூச்சுவிடும் இடத்தில் பசையைச் சேர்த்தால் பூஞ்சை பிடிக்கும்.

அப்படியானால் கீழே உட்கார்ந்து சாய்கிறவர்கள் முதுகில் காவி ஒட்டாதா? ஒட்டும். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பழைய வீடுகளின் சுவர்களில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்துக்கு, வரிசையாக எண்ணெய்க் கறை இருக்கும். எத்தனை தலைமுறைத் தேங்காயெண்ணெய். வெள்ளையடிக்க வெள்ளையடிக்க மேலே வரும். இந்தக் கூடத்திலும் இரண்டு இடத்தில் இருந்ததாம், நீண்டநாள் யாரோ சாய்ந்து உட்கார்ந்த இடங்கள். அந்த இரண்டு இடத்திலும், அதே உயரத்தில், ஒரு பழைய தேக்குப் பலகையைச் சுவரிலிருந்து விரல்கனம் விலக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். விலக்கியதால் பின்னால் காற்று ஓடும், சுவர் உலரும். பலகையின் மேல்விளிம்பு உப்புத்தாளால் உருட்டப்பட்டிருக்கிறது. முதுகு படும் பக்கம் மட்டும். சுவரைப் பார்க்கும் பக்கத்தில் ரம்பம் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. கை போகாத இடத்துக்கு உழைப்பும் போகவில்லை.

தரைக்கு வருவோம். முன்னிருந்தவர்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உரித்தபோது அடியில் சிவப்பு ஆக்ஸைடு தரை முழுதாக இருந்தது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வரம்பு. சிமென்ட்டில் இரும்பு ஆக்ஸைடு பொடி கலந்து இழைத்து, கரணையால் மெருகேற்றி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி ஆறவிட்டுச் செய்த தரை. செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும் இதே ஆக்ஸைடுதான். இதன் பளபளப்பில் பாதி கொத்தனார் தந்தது, மீதி நடந்த கால்கள் தந்தது. அதனால்தான் வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி மட்டும் தனியாக மின்னுகிறது. சுவரோரம் ஒரு நீள்சதுரம் மங்கலாகக் கிடக்கிறது. அங்கே வெகுகாலம் ஒரு பீரோ நின்றிருக்க வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்து அறை முழுக்க ஒரே மெருகாக்கிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். பசையை மட்டும் மரச்சில்லால் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்ததோடு விட்டுவிட்டார்கள். ஆசிட் பக்கமே போகவில்லை. அது சிமென்ட்டை அரித்துவிடும். போன மெருகு திரும்பாது.

நிலையின் மூலையிலிருந்து ஒரு விரிசல் கூடத்தின் நடுவரை ஓடுகிறது. அதைச் சிமென்ட்டும் ஆக்ஸைடும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒருநாளும் சேராது. எத்தனை முறை மாதிரி போட்டுப் பார்த்தாலும் ஒரு சாயல் தூக்கலாகத்தான் நிற்கும். மாப்பிள்ளை சாயலை விட்டுவிட்டு மட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், கண்ண மூடிட்டுத் தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். விரல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வழுக்காமல், தடுக்காமல் நடக்க வேண்டிய ஒரு மூதாட்டிக்கான தரையில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இதைவிடச் சரியாக முடிவெடுக்க முடியாது. அதே காரணத்துக்காக அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த நிலைப்படியின் இரு பக்கமும் சாந்தால் சரிவு கொடுத்திருக்கிறார்கள். படி மறையவில்லை, சரிவு மெல்ல ஏறி அதன் முதுகோடு சேர்கிறது.

தலையைத் தூக்கினால் மெட்ராஸ் டெரஸ். காங்கிரீட் பரவுவதற்கு முன் நம் ஊர் மாடிவீடுகளைத் தாங்கிய கூரை இதுதான். ஒன்றரை அடிக்கு ஒன்றாக மர உத்தரங்கள். அவற்றின் குறுக்கே ஓரங்குல கனமே உள்ள சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டுக்கொடுப்பது கிடையாது. ஒரு வரிசை இறுகியதும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசை நிற்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். ஜிப்சம் பலகை வந்திருந்தால் இதையெல்லாம் மூடியிருக்கும்.

கூரையில் உத்தரம், செங்கல் எல்லாவற்றின் மேலும் பழைய டிஸ்டெம்பர் ஏறியிருந்தது. இப்போதைய நாகரிகப்படி செங்கல்லையும் சுரண்டிச் சிவப்பாகக் காட்டியிருப்பார்கள். கேரளத்தில் குடியேறி, பூசாத செங்கல்லின் அழகை நமக்கெல்லாம் பழக்கிய லாரி பேக்கரின் பெயரையும் துணைக்கு இழுத்திருப்பார்கள். அவர் படத்தோடு எழுதிய சிறு நூல்களில் ஒன்று மாப்பிள்ளையிடம் இருக்கிறது. ஆனால் வெளியே காட்டுவதற்கென்று அடுக்கிய செங்கல் வேறு, இது வேறு. கம்பி பிரஷ் போட்டால் செங்கலைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பு உதிரும். அதனால் உத்தரங்களை மட்டும் சுரண்டி மரம் காட்டி, செங்கலுக்குச் சுண்ணாம்பே அடித்தார்கள். வெள்ளைக்குள் செங்கல் விளிம்புகளின் சாய்ந்த நிழல்கள் மட்டும் தெரிகின்றன. நிறத்தைக் காட்டாமல் அமைப்பை மட்டும் காட்டும் இந்தக் கூரை, சிவப்பாகக் காட்டியிருந்தால் கிடைத்திருப்பதைவிட நல்ல கூரை. அது மட்டுமல்ல, கீழ்வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும். சிவப்புக் கூரை இருந்த வெளிச்சத்தையும் தின்றிருக்கும்.

உத்தரமும் செங்கலும் சேரும் விளிம்பில் தங்கையின் பிரஷ் மறுபடி. அண்ணாந்தபடி, ஏணியில் நின்று, கழுத்து நோக. அங்கே கோடு மர விளிம்பில் நிற்கவில்லை. நூலளவு செங்கல் பக்கம் தள்ளி நிற்கிறது. கீழிருந்து பார்க்கும்போது உத்தரத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிவது இந்த நூலளவினால்தான்.

கதவில் மேலே பிரவுன் எனாமல், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் வானநீலம், கடைசியில் தேக்கு. பர்மா தேக்கு என்கிறார்கள் வீட்டில். பழைய வீடுகளில் யாரைக் கேட்டாலும் பர்மாதான். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்கவில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. தண்ணீர் தொட்டு, முகத்துக்கு மாஸ்க் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டினார்கள். நாதாங்கிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் நாலு அடுக்கையும் படிப்படியாக விட்டுவைத்திருக்கிறார்கள். பிரவுன், பச்சை, நீலம், மரம். தாழ்ப்பாள் போட வரும் கை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பத்துத் தடவையாவது அதன் ஓரங்களைத் தடவியிருப்பேன். ஒவ்வொரு படியும் நகத்தில் தட்டுகிறது. கீல்கள் மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வந்தவை. அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய், தூண்களையும் ஊஞ்சல்களையும் நாள் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு ஜோடிக் கீலோடு திரும்பி வருவதற்கும் ஒரு மன உறுதி வேண்டும்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் நாலு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. தெருவில் போகிறவர் கண் படாமல் கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டு, மேல்கதவுகளைத் திறந்து வெளிச்சம் வாங்குவதற்காக யாரோ யோசித்துச் செய்த அமைப்பு. ஆனால் மேல்கதவுகள் பெயின்ட்டில் ஒட்டிப்போய் வருஷக்கணக்கில் மூடியே கிடந்திருக்கின்றன. விளிம்பில் கத்தி ஓட்டித் திறந்துவிட்டார்கள். வீட்டிலேயே காசு செலவாகாத வேலை இதுதான். பலன் மிகுதியாகக் கிடைத்ததும் இதில்தான். சாயங்காலம் எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் பட்ட வெயில் அந்த மேல்பாதி வழியாக உள்ளே வந்து, சுவரில் பக்கவாட்டாகப் படுகிறது. அப்போதுதான் வாத்தியாரின் கரணை அலைகள் எழுந்து நிற்கின்றன. நடுப்பகலில் பார்த்தால் அது சாதாரணச் சுவர்.

மின்சார வேலையைத் தாங்களே தொடவில்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து முழுக்க மாற்றி, எர்த் கொடுத்து, கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கரும் வைத்தார்கள். மொத்தச் செலவில் பெரிய துண்டு இதுதான் என்கிறாள் தங்கை. சுவரைக் காடி வெட்டாமல், பழைய வீடுகளின் முறைப்படியே தேக்குச் சட்டத்தின் மேல் ஒயர் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் உத்தரத்தின் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகிறது, தேடினால்தான் அகப்படும். பழைய ஸ்விட்ச் பெட்டியின் மரச்சட்டத்துக்குள் புது ஸ்விட்சுகள். ஒரே ஒரு பேக்கலைட் உருண்டை ஸ்விட்சை மட்டும் இணைப்பில்லாமல் பெட்டியில் விட்டு வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதை டக் டக்கென்று போட்டு விளையாடுகின்றன. அதன் சத்தம் இப்போதைய ஸ்விட்சுகளுக்கு வராது.

துணிமணிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். திரைக்குக் கரூரில் ஏற்றுமதியில் மிஞ்சிய பருத்தித் துணி, உட்கார முசிறிக் கோரைப்பாய், விருந்தாளி வந்தால் பவானி ஜமக்காளம். திரையின் கீழோரம் ஜன்னல் கட்டைக்கு அரை அங்குலம் மேலே நிற்கிறது. தையல்காரியின் வீடு, வேறெப்படி இருக்கும்.

எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய வெள்ளைச் சுவரில், கதவுக்கு நேர் எதிரே, தங்க நிற அக்ரிலிக் பறவைகள் ஒரு கூட்டமாகப் பறக்கின்றன. ஒட்டும் ரகம். சாயங்கால வெயில் சுவரில் ஏறும்போது அவைதான் முதலில் மின்னி, பார்வையை இழுத்துக்கொள்கின்றன. தங்கையைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"அது அவரோட பத்தாங்கிளாஸ் பசங்க வாங்கிக் குடுத்தது. நீ வேணா அவர்கிட்டச் சொல்லிப் பாரேன்" என்றாள்.

சொல்லவில்லை.

விளக்குகளில்தான் பெரிய சண்டை நடந்திருக்கிறது. நம் வீடுகளில் எல்இடி என்றாலே 6500 கெல்வின் வெள்ளை. அந்த நீலம் பூத்த ஒளியில் காவியும் தேக்கும் சிவப்புத் தரையும் ஒருசேர நோயில் விழுந்த நிறமாகிவிடும். தங்கை பிடிவாதமாக 3000 கெல்வின் பல்பு வாங்கிப் போட்டாள். விலையில் வித்தியாசம் கிடையாது, கடைக்காரர் தேடி எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். இரவில் அந்த மஞ்சள் ஒளியில் கூடம் சேர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நானும் அவள் பக்கம்தான் பேசினேன். சமையலறை வாசலுக்குப் பக்கத்து மூலையில் மட்டும் பழைய வெள்ளை டியூப்லைட் ஒன்று அப்படியே இருந்தது. தங்கையின் மாமியாரிடம், இதையும் மாற்றிவிடலாமே அத்தை, கூடம் முழுக்க ஒரே நிறமாக இருக்குமே என்றேன்.

அத்தை அதன் அடியில் கோரைப்பாயில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு இலையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கிள்ளி ஒதுக்கிப் போட்டார்.

"மாத்து தம்பி. அப்புறம் பொரியல்ல பூச்சி இருந்தா என்னயக் கேக்கக் கூடாது."

டியூப்லைட் அங்கேயே இருக்கிறது.